கிட்டப் போகாமல் பார்க்க வைப்பது எப்படி? டெல்டாவின் பறவை ஏரிகளும் ‘நட்ஜ்’ என்கிற உத்தியும்

கார்த்திகை, மார்கழியில் வடுவூர் ஏரி நிறைந்து கிடக்கும்போது நாமக்கோழியும் ஊசிவால் வாத்தும் நத்தைகுத்தி நாரையும் கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். தஞ்சாவூர் - மன்னார்குடி சாலையில் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஏறிப் பார்க்கலாம். இந்த எளிமைதான் டெல்டா சரணாலயங்களின் அழகு, சிக்கலும் அதுவே. முதுமலையில் செய்வதுபோல வாசலில் நிறுத்தி, வனத்துறை வண்டியில் ஏற்றி, சுற்றிக் காட்டி, இறக்கிவிடும் ஏற்பாடு இங்கே முடியாது. ஏரி ஊரோடு ஒட்டிக் கிடக்கிறது. கரையில் மாடு போகும், மடைக்கு விவசாயி போவார், அப்புறம் சுற்றுலா வந்தவரும் போவார். எல்லோர் பின்னாலும் ஒரு வனக்காவலரை அனுப்ப முடியாது.

இந்த இடத்தில்தான் ‘நட்ஜ்’ என்ற சொல் வருகிறது: யாரையும் தடுக்காமல் நல்ல பக்கம் மெல்லச் சாய வைக்கும் உத்தி. சூழல் சுற்றுலா பற்றிய கட்டுரைகளிலும் கருத்தரங்குகளிலும் இப்போது அடிக்கடி கேட்கிற சொல் இது. விழிப்புணர்வுப் பிரசாரத்துக்குப் புதுப்பெயர் என்று சிலர் நினைக்கிறார்கள், நம்மை அறியாமல் நம்மை ஆட்டிவைக்கும் வித்தை என்று சிலர் பயப்படுகிறார்கள். இரண்டுமே சரியில்லை.

முதலில், ராம்சார் என்ற பட்டம்

காவிரித் தண்ணீரை நம்பியிருக்கும் பகுதியில் ஐந்து ஈரநிலங்கள் ராம்சார் பட்டியலில் உள்ளன. கோடியக்கரை 2002-லேயே சேர்ந்துவிட்டது. பிச்சாவரம், வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் மூன்றும் 2022-ல் சேர்ந்தன. புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர் போய்ச் சேரும் கரைவெட்டி 2024-ல் சேர்ந்தது.

1971-ல் ஈரானின் ராம்சார் நகரத்தில் கையெழுத்தான பன்னாட்டு ஒப்பந்தத்தின் பெயரால் வரும் பட்டியல் இது. ஈரநிலத்தின் இயல்பு கெடாமல் அதைப் பயன்படுத்துவோம் என்று நாடு தரும் வாக்குறுதி. ஆனால் செய்தியில் ‘உலகப் புகழ்’ என்று வந்ததும் பலருக்கு அது சுற்றுலாத்தலச் சான்றிதழாகத்தான் படுகிறது. அங்கே என்ன செய்யக்கூடாது என்ற செய்தி அதே வேகத்தில் போய்ச் சேர்வதில்லை.

கிட்டப் போனால் பறவைக்கு என்ன நஷ்டம்?

ஒவ்வொரு பறவைக்கும் ஒரு தூரம் உண்டு. அதற்குள் மனிதர் வந்தால் மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கும். இன்னும் நெருங்கினால் கூட்டமாக எழும்பிவிடும். நமக்கு அது அழகான காட்சி. கைதட்டி எழுப்பிப் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். பறவையின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

1. வலசை வந்த வாத்தும் உள்ளானும் பிப்ரவரி, மார்ச்சுக்குள் உடலில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். அதை எரித்துத்தான் வடக்கே மத்திய ஆசியா வரை திரும்பிப் பறக்கும். ஒவ்வொரு முறை கலையும்போதும் மேயும் நேரம் போகிறது, சேர்த்த கொழுப்பும் கரைகிறது.
2. உதயமார்த்தாண்டபுரம் போன்ற ஏரிகளில் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. தாய் எழும்பிப் போன சில நிமிடங்களில் காகம் முட்டையைத் தூக்கிவிடும். காகம் வராவிட்டாலும் வெயில் இருக்கிறது.
3. கோடியக்கரையில் வெளிமான் குட்டி ஈன்றதும் அதைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். ஆள் வந்தால் குட்டி ஓடாது, அசையாமல் கிடக்கும். பாதையை விட்டு இறங்கி நடப்பவருக்கு அது கண்ணிலேயே படாது.

இந்தச் சேதம் எதுவும் அதைச் செய்தவருக்குத் தெரிவதில்லை. சூடான தோசைக்கல்லைத் தொட்டால் உடனே சுடும், மறுபடி தொடமாட்டோம். ஏரியில் கலைந்த பறவை மார்ச் மாதம் வழியில் சோர்ந்து விழுந்தால், டிசம்பரில் கைதட்டியவருக்கு அது எப்படித் தெரியும்? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் உலகம் முழுவதும் உள்ள 24 வகையான காட்டுயிர்ச் சுற்றுலாக்களை ஆராய்ந்தார்கள். விலங்குகளுக்குத் தீங்கு நடக்கும் இடங்களுக்குக்கூட, போய்வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் நல்ல விமர்சனமே எழுதியிருந்தார்கள். அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. தீங்கு அவர்கள் கண்ணுக்கு எட்டவே இல்லை. பயணிகளைத் திட்டுவதில் பயனில்லை என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

நட்ஜ் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் லேசாக இடிப்பது என்று பொருள். பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீனும் 2008-ல் எழுதிய நூல் வழியே அது பரவியது. தேலருக்கு 2017-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் சொல்வதன் சாரம் இது: எந்த வழியையும் அடைக்காமல், செலவையும் பெரிதாகக் கூட்டிக் குறைக்காமல், முடிவெடுக்கும் இடத்தின் அமைப்பை மாற்றி ஒருவரை நல்ல பக்கம் சாய வைப்பது. தமிழில் மென்தூண்டல் எனலாம்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டதும் இனிப்பு தானாக வந்து விழுகிறது. கையை நீட்டி மறைத்து வேண்டாம் என்பவர் சிலர்தான். மற்றவர்கள் விழுந்துவிட்டதே என்று சாப்பிடுவார்கள். அதே இனிப்பை ஓரத்தில் மேசைமேல் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் எழுந்து போய் எடுப்பவர் குறைவு. இனிப்பும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. வாய்திறந்து எதுவும் சொல்லாதவருக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டும் மாறியது. இதற்கு ‘டீஃபால்ட்’ என்று பெயர். மென்தூண்டல்களிலேயே பலம் கூடியது இதுதான்.

நம் ஊரில் பேர் தெரியாமலே இந்த உத்தி நெடுநாளாக இருக்கிறது. ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதியும் கேட்காத மதில் சுவரில் சாமிப் படம் போட்ட டைல்ஸ் பதிக்கிறார்களே, அது மென்தூண்டல்தான். அதன் குறையும் அங்கேயே தெரிகிறது: பக்கத்தில் கழிப்பறை கட்டாவிட்டால் ஆள் அடுத்த சுவருக்குப் போய்விடுவார்.

சரி, எது மென்தூண்டல் ஆகாது? அபராதம், தடை, வேலி, கட்டணத் தள்ளுபடி, வகுப்பெடுப்பது. காலி மதுபாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் கிடைக்கும் என்று 2022-ல் நீலகிரியில் தொடங்கிய டாஸ்மாக் திட்டமும் இதில் வராது, அங்கே வேலை செய்வது பணம். அதனால் அது மட்டம் என்று பொருளில்லை. கருவி வேறு, அவ்வளவுதான்.

பலகையில் எழுதும் வாசகமே கெடுதல் செய்யலாம்

அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாய்ச் சமைந்த மரங்கள் நிறைந்த தேசியப் பூங்கா ஒன்று உண்டு. வருகிறவர்கள் துண்டு துண்டாக எடுத்துப் போய்விடுவார்கள். உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவர் குழுவினரும் பாதையில் அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டு இரண்டு விதமான பலகைகளைச் சோதித்தார்கள். ‘முன்பு வந்த பலர் எடுத்துச் சென்றதால் காட்டின் நிலை மாறிவிட்டது’ என்று வருத்தப்பட்டது ஒரு பலகை. ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்று நேராகக் கேட்டது இன்னொன்று. முதல் பலகை இருந்தபோது 100-க்குச் சுமார் 8 துண்டுகள் காணாமல் போயின. இரண்டாவது இருந்தபோது 2-க்கும் குறைவு.

காரணம் எளிது. ‘பலர் எடுக்கிறார்கள்’ என்றதுமே ‘ஓ, எல்லோரும் செய்வதுதானா’ என்று மனம் எடுத்துக்கொள்கிறது. நம் பக்கத்துப் பலகைகளையும் சுவரொட்டிகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘சுற்றுலாப் பயணிகள் வீசும் பிளாஸ்டிக்கால் அலையாத்திக் காடு அழிகிறது’ என்று எழுதும்போது, நல்ல எண்ணத்தோடுதான் எழுதுகிறோம். கேட்பவர் காதில் விழுவது, ‘இங்கே எல்லோரும் வீசுகிறார்கள்’.

இதே விதி நல்ல பக்கமும் வேலை செய்யும். 2008-ல் வெளியான ஒரு ஆய்வில், ஓட்டல் அறையில் துண்டைத் துவைக்கப் போடாமல் மறுபடி பயன்படுத்தச் சொல்லும் அட்டையைச் சோதித்தார்கள். சூழலைக் காப்போம் என்ற வாசகத்துக்குச் சுமார் 35 சதவீதம் பேர் இணங்கினார்கள். இங்கே தங்குகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள் என்ற வாசகத்துக்கு 44 சதவீதம் பேர். ‘இதே அறையில் தங்கியவர்கள்’ என்று நெருக்கமாகச் சொன்னபோது அதைவிடவும் கூடியது.

அப்படியானால் உதயமார்த்தாண்டபுரத்தில் என்ன எழுதலாம்? ‘இந்த ஊர்க்காரர்கள் கூடு கட்டும் காலத்தில் இந்தக் கரையில் சத்தம் போடுவதில்லை’ என்று எழுதலாம், அது உண்மையாக இருந்தால் மட்டும். பொய்யாக எழுதினால் அடுத்த நிமிடமே எதிரில் ஒருவர் ஹாரன் அடித்து அதைப் பொய்யாக்கிவிடுவார். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊரில் அப்படி ஒரு பலகை வைத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் எடை இருக்கும். வழக்கம் முதலில் ஊரில் இருக்க வேண்டும், பலகை அதைச் சொல்லத்தான் முடியும்.

படகில் ஏறிய பிறகு

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் விஷயம் கரையில் தீர்வதில்லை. முத்துப்பேட்டைக் காயலில் பாமணியாறும் கோரையாறும் இன்னும் சில ஆறுகளும் வந்து கலக்கின்றன. படகில் உட்கார்ந்தவர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: “அண்ணே, இன்னும் கொஞ்சம் கிட்ட போங்களேன்.” அந்தக் குடும்பம் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது, பிள்ளைகள் பறவையைப் பார்க்கத் துடிக்கிறார்கள். படகுக்காரருக்கும் தெரியும், கிட்டப் போனால் கையில் ஏதாவது கூடுதலாகக் கொடுப்பார்கள். முடியாது என்றால் முகம் சுளிப்பார்கள். அவர் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றிவிட்டு, கரையில் பயணிகளுக்கு மட்டும் பலகை வைத்து என்ன பயன்? பயணியையும் படகுக்காரரையும் சேர்த்து யோசிக்காத எந்த மென்தூண்டலும் காயலில் நிற்காது.

இங்கே செய்யக்கூடியவை சில.

1. தூரத்தை முதலிலேயே சொல்லிவிடுவது. படகு கிளம்பும் முன்பே, “அந்தக் கம்பு வரைக்கும் போவோம், அங்க என்ஜினை நிறுத்திட்டா பறவை பறக்காது, நிதானமா பார்க்கலாம்” என்று படகுக்காரர் சொன்னால் அந்தக் கம்பு வேடிக்கையின் பகுதியாகிவிடும். நடுவழியில் முடியாது என்று மறுத்தால் அதே கம்பு சண்டையாகிவிடும். தண்ணீரில் நட்ட கம்பு படகுக்காரருக்குச் சாட்சியும் கூட. மறுப்பது அவர் இல்லை, கம்பு.
2. கேட்காதவருக்குக் கிடைக்கும் பாதை. வழக்கமான பாதையே கூடு உள்ள மரங்களையும் மேயும் திட்டுகளையும் விலக்கிப் போக வேண்டும். பந்தியில் விழும் இனிப்பு மாதிரி.
3. வாக்குக் கொடுப்பது. பசிபிக் தீவு நாடான பலாவ், 2017 முதல் வருகிறவரின் கடவுச்சீட்டில் ஒரு உறுதிமொழியை முத்திரையாகக் குத்திக் கையெழுத்து வாங்குகிறது. அந்த நாட்டுக் குழந்தைகளுக்குத் தரும் வாக்காக அது எழுதப்பட்டிருக்கிறது. தானே கையெழுத்திட்டதை மீற மனம் கூசும். படகுச் சீட்டின் பின்பக்கம் இரண்டு வரி அச்சிட்டு, கூட வந்த பிள்ளையை வாசிக்கச் சொன்னால் போதும். பிள்ளை வாசித்த பிறகு அப்பா கைதட்ட மாட்டார்.
4. கண்ணுக்கு மாற்று. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். கிட்டப் போவதே பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும்தான். கைப்பேசி கேமராவில் தூரத்துப் பறவை புள்ளியாகத் தெரிகிறது, அதனால் கால் முன்னே போகிறது. பார்வைக் கோபுரத்தில் ஒரு தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி, கைப்பேசியைப் பொருத்தும் பிடி ஒன்றையும் மாட்டிவிட்டால் கூழைக்கடாவின் கண் வரைக்கும் படத்தில் வரும். அந்தப் படத்தை வீட்டுக்கு அனுப்பியவர் எதற்குச் சேற்றில் இறங்கப் போகிறார்?

கரை ஏரிகளுக்கு இதைவிட மலிவான வழியும் இருக்கிறது: கீற்றுத் தட்டி. டெல்டாவில் கிடைக்காத பொருளா அது? கரையோரம் ஆள் உயரத்துக்குத் தட்டி கட்டி, பெரியவர் உயரத்திலும் பிள்ளைகள் உயரத்திலும் ஓட்டை விட்டால், ஆள் மறைந்துவிடுவார், பறவைக்கு உருவம் தெரியாது. ஓட்டையைக் கண்டால் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டியதே இல்லை, மனிதர்கள் தாமாகவே வைப்பார்கள்.

கைப்பேசிக்குள்ளும் இதைச் செய்யலாம். காட்டுயிரோடு செல்ஃபி எடுப்பது தொடர்பான சில குறிச்சொற்களை இன்ஸ்டாகிராமில் தேடினால், விலங்குக்குத் தீங்கு நேரக்கூடும் என்ற அறிவிப்பு முதலில் வரும்படி 2017 டிசம்பரில் மாற்றினார்கள். தேடலைத் தடுக்கவில்லை, ஒரு நொடி நிறுத்தினார்கள்.

குரங்குக்குப் பழம் போடுவது

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆதிசேது என்று கோடியக்கரைக் கடலில் நீராட வருகிற கூட்டம் சுற்றுலாக் கூட்டம் இல்லை. முன்னோருக்குக் கடன் செலுத்த வருகிறார்கள். வழியில் குரங்குக்குப் பழமும் பிஸ்கட்டும் கொடுப்பது அவர்களுக்குப் புண்ணியம். ‘உணவளிக்காதீர்’ என்ற பலகை அந்த மனத்தோடு நேருக்கு நேர் மோதித் தோற்கும். ஆனால் கேடு உண்மையானது. கைத்தீனிக்குப் பழகிய குரங்கு சாலைக்கு வருகிறது, வண்டியில் அடிபடுகிறது, கொடுக்காதவர் கையிலிருந்து பிடுங்குகிறது.

கொடுக்கும் கையைத் தடுப்பதைவிடக் கொடுக்கும் திசையை மாற்றலாம். கோடையில் விலங்குகளுக்குத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பும் வழக்கம் வனத்துறைக்கு உண்டு. பழம் விற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ‘வாயில்லா ஜீவனுக்குத் தண்ணீர்’ என்று ஒரு உண்டியல் இருந்தால், தானம் தானமாகவே இருக்கும், குரங்கும் காட்டிலேயே இருக்கும். இடம் முக்கியம்: பழம் வாங்கிய பிறகு உண்டியலைப் பார்த்துப் பயனில்லை.

அபராதம் போதாதா?

சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி குற்றம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சட்டம் வேண்டும், அதில் தயக்கமே இல்லை. வேட்டைக்கு வருகிறவரை எந்த மென்தூண்டலும் நிறுத்தாது.

ஆனால் சின்ன அபராதத்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களுக்குப் பிள்ளைகளைக் கூப்பிடப் பெற்றோர் தாமதமாக வந்தார்கள். சில காப்பகங்களில் சிறு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் போய், ‘காசு கொடுத்தாயிற்று’ என்றாகிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. 2000-ல் வெளியான ஆய்வு இது. சரணாலயத்திலும் அபராதம் போட்டால் வலிக்கிற அளவில் போட வேண்டும், இல்லாவிட்டால் அது நுழைவுக் கட்டணமாகிவிடும்.

எவ்வளவு நம்பலாம்?

மென்தூண்டல் மந்திரம் இல்லை, பெரிதாகப் பேசப்பட்ட சில சோதனைகள் பின்னால் ஆட்டம் கண்டன. 2006-ல் நியூகாசிலில் டீக்குக் காசு போடும் பெட்டிக்கு மேலே கண்கள் படத்தை ஒட்டியபோது மூன்று மடங்கு காசு விழுந்தது என்றார்கள். கண் படத்தால் தாராளம் கூடும் என்பதைப் பின்வந்த ஆய்வுத் தொகுப்புகள் உறுதிப்படுத்தவில்லை. 2022-ல் வெளியான இன்னொரு கணக்கு இன்னும் தெளிவு. ஆய்விதழ்களில் வந்த சோதனைகளில் சராசரியாக 8.7 சதவீதப் புள்ளி மாற்றம் தெரிந்தது, அதாவது நூறு பேருக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் கூடுதல். அமெரிக்காவில் அரசுகளோடு வேலை செய்யும் மென்தூண்டல் அமைப்புகள் பெரிய அளவில் செய்தவற்றில் அது 1.4 மட்டுமே. வெற்றி பெற்ற ஆய்வுதான் அச்சேறும் என்பது இந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு எல்லை நம் மண்ணுக்கே உரியது. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் பாசன ஏரிகள். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடை வரை வந்து, பருவமழையும் கைகொடுத்தால்தான் ஏரி நிறையும், பறவை தங்கும். அது நடக்காத ஆண்டில் எவ்வளவு நல்ல பலகை வைத்தாலும் பார்ப்பதற்குப் பறவை இருக்காது. கோடியக்கரையில் சீமைக் கருவேலம் புல்வெளியைத் தின்பதையும் பலகையால் நிறுத்த முடியாது. மென்தூண்டலைக் காட்டி இந்தப் பெரிய வேலைகளைத் தள்ளிப்போட்டால் அது துரோகம். அதேபோல மடைக்குப் போகும் விவசாயியைப் பயணிகளோடு சேர்த்து ‘நட்ஜ்’ செய்யக் கிளம்புவதும் தவறு. ஏரி அவருடையது, பறவை அவரோடு பழகியது.

மறைமுகமாக ஆட்டுவிப்பது ஆகாதா என்ற கேள்விக்கு ஒரு சோதனை இருக்கிறது: செய்ததை வெளிப்படையாகச் சொன்னாலும் அது நிற்குமா? ‘நீங்கள் மறைந்து நின்று பார்க்கத்தான் இந்தத் தட்டி’ என்று தட்டியிலேயே எழுதி வைக்கலாம். எழுதிய பிறகும் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

பலித்ததா என்று எப்படித் தெரியும்?

எண்ணிப் பார்க்காமல் தெரியாது. இதற்குப் பெரிய நிதியும் தேவையில்லை. மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ படிக்கும் கல்லூரி மாணவர்கள் நாலு பேர் போதும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை ஒரு வாரம் பழைய பலகை, அடுத்த வாரம் புதிய பலகை என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து இரண்டே எண்களைக் குறிக்க வேண்டும்: கரையில் போட்ட கோட்டைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், பறவைக்கூட்டம் எத்தனை முறை எழும்பியது. பருந்து வந்து எழும்பியதைத் தனியாக எழுத வேண்டும். பொங்கல் விடுமுறை நாட்களையும் தனியாக எழுத வேண்டும், அந்த நாலு நாள் கூட்டம் மற்ற வாரங்களின் கணக்கையே கவிழ்த்துவிடும்.